பூட்டுக்காரர் செய்த கை பிரேக்

அன்று கிணற்று மேட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாளியம்மா ஒருவர். தோட்டம், கிணறு, டிராக்டர் மூன்றும் அவருடையவை. அவருடைய தம்பி ஒருவர். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டு வியாபாரம் செய்பவர். என் வீட்டுக்காரி ஒருத்தி. வெங்காயப் பாத்திக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தாள். டிராக்டர் இருக்கையில் நான். அவ்வளவுதான். என் மச்சான் அன்று அங்கே இல்லை. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் அரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதுவது அவரைப் பற்றி என்பதால், இல்லாதவரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

டிராக்டர் நகர்ந்தது. அதுதான் அன்று நடந்தது.

எரியோட்டுக்குக் கிழக்கே தோட்டம். ஐம்பதுகள் முடிகிற சமயம். கரண்டுக் கம்பி எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. அதற்கு முன் அந்தக் கிணற்றில் நான் கமலை இறைத்தவன். இரண்டு மாட்டையும் சரிவில் ஓட்டி இறக்கணும், தண்ணீர்ச் சால் மேலே வரும், மறுபடி பின்னாலேயே மாட்டை ஏற்றணும். விடிந்தது முதல் வெயில் ஏறுகிறவரை இதே வேலை. ஒரு ஐப்பசி மழையில் வரப்பு வழுக்கி விழுந்தேன். வலது முழங்கால் போய்விட்டது. கட்டுப் போட்டார்கள். சமதரையில் நடக்கலாம். சரிவில் கால் நிற்காது. கமலைக்கு நான் ஆகவில்லை.

அந்த வருடம்தான் முதலாளியம்மா டிராக்டர் வாங்கினார். மலை எஸ்டேட் ஒன்றில் கழித்துப் போட்டிருந்த வண்டி. எத்தனை வருடத்து வண்டி என்று விற்றவர்களுக்கே தெரியவில்லை. முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டும். பெட்ரோலில் கிளம்பும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது, கமலைக்கு ஆகாதவன் இதற்காவது ஆவானா பார்ப்போம் என்று அம்மா சொன்னார். வண்டியோடு வந்த எஸ்டேட் ஆள் கொஞ்ச நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் கற்றுக்கொண்டேன். உட்கார்ந்து செய்கிற வேலை. எனக்கு அந்த இருக்கை பெரிய காரியம்.

உழவு வருடத்தில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் தண்ணீர் இறைப்பு. டிராக்டரின் பக்கவாட்டில் பெல்ட் ஓட்டுகிற சக்கரம் ஒன்று உண்டு. கிணற்று விளிம்பில் பம்பு. இரண்டுக்கும் நீளமான பெல்ட் மாட்டினால் தண்ணீர் வரும். பெல்ட் இறுக்கமாக இருந்தால்தான் பம்பு சுற்றும். இறுக்கமான பெல்ட் வண்டியைப் பம்பு பக்கம் இழுக்கும். பம்பு இருப்பது கிணற்றோரம். தரையும் அந்தப் பக்கமே சரிவு. எஞ்சின் ஓடியாக வேண்டும், அதனால் கியர் போட்டும் நிறுத்த முடியாது. பிரேக்தான் பிடிக்க வேண்டும்.

அந்த வண்டியில் கால் பிரேக் மட்டும் இருந்தது. மிதித்த பெடலை அப்படியே பிடித்து வைக்க ஒரு கொக்கி இருந்திருக்கிறது. நாங்கள் வாங்கியபோது கொக்கி இல்லை. கொக்கி இருந்த ஓட்டை இருந்தது.

ஆகவே முன் சக்கரங்களுக்குக் கல் கொடுப்பேன். ஏறி உட்கார்ந்து வலது காலால் பெடலை மிதித்துக்கொண்டே இருப்பேன். தண்ணீர் போகிற நேரம் முழுக்க. கெட்டுப்போன கால் அது. செத்த நேரத்தில் நடுங்க ஆரம்பிக்கும். இரண்டு கையாலும் தொடையை அமுக்கிக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இருக்கைக்கு வேறு ஆள் வருவான்.

அன்று பம்பிலிருந்து ஒழுகிய தண்ணீரில் கல்லுக்கு அடியில் மண் கரைந்திருக்கிறது. கல் புரண்டது. என் கால் தாங்கவில்லை. வண்டி இறங்கியது. பெல்ட் கழன்று பாம்பு மாதிரி வாய்க்காலில் விழுந்தது. அந்த வாய்க்காலில்தான் என் வீட்டுக்காரி குனிந்து நின்றாள். அவள் தாவி ஏறிவிட்டாள். முன் சக்கரம் கிணற்றுச் சுவரில் முட்டி நின்றது. சுவரிலிருந்து இரண்டு கல் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

எஞ்சினை நிறுத்தினேன்.

ஆட்டு வியாபாரிதான் முதலில் பேசினார். "அக்கா, இந்தக் காசுக்கு ஒரு மந்தையே ஓட்டியாந்துருக்கலாம். ஆடு கெணத்துக்குள்ள போயி விழுகாது."

"விழுகும்" என்றார் முதலாளியம்மா. "போன வருசம் உன் கெடா விழுந்துச்சு."

ஆனால் அவர் முகம் சரியில்லை. என் வீட்டுக்காரி நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏப்பா, பொம்பளைக மடை மாத்துற எடம் இது. நிக்காத வண்டி எனக்கு வேண்டாம். நிக்க வச்சுக் காட்டு. இல்லைன்னா கொடுத்துருவோம்."

தம்பிக்கு அது போதும். பழைய வண்டி வாங்குகிற கரூர்த் தரகர் ஒருவரைத் தெரியும் என்றும், பங்குனி கடைசிச் சந்தை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றும் சொன்னார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

வண்டி போனால் கமலை திரும்ப வரும். கமலை வந்தால் வேறு ஆள் வருவான். எனக்கு அது கணக்குப் போடாமலே தெரிந்தது.

திண்டுக்கல்லில் இரண்டு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். அந்த வண்டிக்குச் சாமான் வராது என்றார்கள். உண்மையும் அதுதான். வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரி மறுநாள் காலையில் பஸ் ஏறி அவளுடைய அண்ணனைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர் பூட்டுக்காரர். கடை வாசலுக்கும் நெல் பத்தாயத்துக்கும் போடுகிற பெரிய பூட்டு செய்பவர். டிராக்டரைத் தொட்டதில்லை. எனக்கு மாட்டு வண்டியே ஓட்டத் தெரியாது, என்னைப் போய்க் கூப்பிடுகிறாயே என்று சொல்லியிருக்கிறார். அவள் சொன்ன பதிலை அவரே பின்னால் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். "ஓட்டவா கூப்புட்டேன்? நிப்பாட்டத்தான கூப்புட்டேன்" என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். பை நிறைய அரம். வாய் நிறைய வெற்றிலை. எதையும் செய்வதற்கு முன்னால் செய்துவிட்ட மாதிரிப் பேசுகிற மனிதர். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்று வண்டிக்கு அடியில் படுத்த பிறகு பேச்சு நின்றுவிட்டது. மிதி மாப்ள என்பார், மிதிப்பேன். விடு என்பார், விடுவேன். பெடலிலிருந்து பின்னால் போகிற கம்பியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வெற்றிலையைத் துப்பக்கூட எழவில்லை. வெகு நேரம். கம்பி எவ்வளவு தூரம் போகிறது, எங்கே கனக்கிறது, எங்கே பிடிக்கிறது என்பதைக் கையிலேயே வாங்கிக்கொண்டார். அளவுகோல் எடுக்கவே இல்லை. ஒரு துவரங்குச்சியை ஒடித்து நகத்தால் இரண்டு கீறல் போட்டார். அவ்வளவுதான் அளவு.

எழுந்து உட்கார்ந்து சொன்னார். "காலு புடிக்கிறதைக் கை புடிக்கணும். கை புடிச்சதைப் பல்லு புடிக்கணும். அம்புட்டுத்தான்."

இருக்கைக்குப் பக்கத்தில் கையால் இழுக்கிற கம்பி ஒன்று. அதன் அடியிலிருந்து பிரேக் கம்பிக்குச் சங்கிலி. கைக்கம்பி பக்கத்தில் அரைவட்டமாக ஓர் இரும்புத் தகடு, அதன் விளிம்பில் பல் பல்லாக வெட்டு. கைக்கம்பியில் ஒரு நாக்கு, அதற்கு ஸ்பிரிங். கம்பியை இழுக்க இழுக்க நாக்கு ஒவ்வொரு பல்லாக ஏறி விழும். விட்டால் விழுந்த பல்லில் நிற்கும். பூட்டுக்குள் இருக்கிற சாமான்தான் எல்லாம், இது வெளியே இருக்கிறது, பெரிதாக இருக்கிறது என்றார்.

கைக்கம்பிக்கு நல்ல இரும்பு வேண்டும் என்று தேடினார். கமலை உருளையின் அச்சு மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. அதை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். நான் வருடக்கணக்காகக் கீழிருந்து பார்த்த இரும்பு அது. கொடுத்தேன். தகட்டுக்குப் பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு வாங்கிவந்தார். எங்கள் ஊர்க் கொல்லருடைய உலையில் அதைக் காய்ச்சி, மெதுவாக ஆறவிட்டு, இளக்கமானதும் பல் வெட்ட உட்கார்ந்தார்.

அரம் பிடிக்கிறவர் பலரைப் பார்த்திருக்கிறேன். தேய்ப்பார்கள். இவர் தேய்க்கிற மாதிரியே தெரியாது. அரம் போகும்போது இரும்பு வழிவிடும். திரும்பி வரும்போது அரம் இரும்பைத் தொடாது. ஒவ்வொரு பல்லையும் பெருவிரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். பதினொரு பல். ஒன்றைப்போல் ஒன்று. எல்லாப் பல்லையும் கொஞ்சம் உள்ளே வளைத்துக் கொக்கி மாதிரி வெட்டினார். ஏன் என்று கேட்டேன்.

"நல்ல பூட்டு எது மாப்ள? இழுக்க இழுக்க இறுகணும். எவனும் நெம்பித் தொறக்கக் கூடாது."

எனக்குச் சரியாகத்தான் பட்டது. தகட்டை மறுபடி சிவக்கக் காய்ச்சிக் கழிவு எண்ணெயில் முக்கினார். கருப்பாக, கண்ணாடி மாதிரி கெட்டியாக வந்தது. கொக்கி இருந்த பழைய ஓட்டையிலேயே போல்ட் போட்டு மாட்டினார். புதிதாக வண்டியில் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. அடுத்தவன் வண்டியில் கை வைத்த தடம் இருக்கக் கூடாது என்றார்.

மறுநாள் காலை சோதனைக்கு முதலாளியம்மா வந்தார். தம்பியும் வந்தார். தகட்டைப் பார்த்ததும் தம்பி குனிந்து, சந்தையில் ஆட்டின் வாயைப் பிளந்து பார்ப்பாரே, அந்த மாதிரிப் பார்த்தார்.

"பல்லுப் பாத்து வயசு சொல்றவன் நான். கெழவண்டிக்கு இப்பத்தான் பல்லு மொளைக்குது."

எல்லாரும் சிரித்தோம். மச்சானும் சிரித்தார். நான் இருக்கையில் ஏறப் போனேன். மச்சான் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

அவர்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டாம். செய்தவன் தன் பூட்டைச் சோதிக்க மாட்டான். அவனுக்கு வேண்டியவனும் சோதிக்க மாட்டான். பட்டறையில் அவனுக்கு ஆகாதவன் ஒருவன் இருப்பான் இல்லையா, அவன் கையில் கொடுப்பார்கள். அவன் இழுப்பான், அடிப்பான், நெம்புவான். அவன் தோற்றால்தான் பூட்டு வெளியே போகும்.

"இது நிக்கக் கூடாதுன்னு நெனைக்கிற ஆளு யாரு இங்க?" என்று மச்சான் கேட்டார்.

எல்லாரும் எங்கெங்கோ பார்த்தோம். ஆட்டு வியாபாரி தானே சிரித்துக்கொண்டு துண்டை உதறி இடுப்பில் கட்டினார். "நான்தான். என்ன செய்யணும்?"

"ஏறி இழுங்க."

சரிவில் பள்ளம் பார்த்து நின்ற வண்டியில் அவர் ஏறினார். ஆட்டுக்கிடாயைக் கொம்பைப் பிடித்து இழுக்கிற கை. கைக்கம்பியை இரண்டு கையாலும் இழுத்தார். நாக்கு ஒவ்வொரு பல்லாக விழுகிற சத்தம். கடைசிப் பல் வரை இழுத்துவிட்டார். இனி இழுக்க இடமில்லை. இறங்கினார். கல்லையெல்லாம் அவரே எடுத்துப் போட்டார். பள்ளத்துப் பக்கமாகக் கமலை மாட்டைக் கட்டி ஓட்டச் சொன்னார். மாடுகள் முட்டுக் குத்தி இழுத்தன. வண்டி அசையவில்லை. சுற்றி வந்து டயரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நிக்கிதுக்கா" என்றார். வியாபாரத்தில் எப்படியோ, இதில் அவர் பொய் சொல்லவில்லை. அதை நான் அவரிடம் மெச்சினேன்.

மச்சான் வெற்றிலைப் பையை எடுத்தார். நான் வண்டியைப் பம்பு நேருக்குக் கொண்டுபோகலாம் என்று ஏறினேன். வெங்காயம் இரண்டு தண்ணீர் தவறி வாடிக்கிடந்தது. நாக்கைத் தூக்கினேன். தூக்க வரவில்லை. பெடலை மிதித்துக்கொண்டு தூக்கினேன். வரவில்லை. மச்சான் ஏறித் தூக்கினார். சுத்தியலால் தட்டினார். கொக்கிப் பல்லுக்குள் நாக்கு கடித்துக்கொண்டு கிடந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் தளரும். இழுக்கத்தான் இடமில்லையே. அடிக்க அடிக்க இறுகியது.

அவர் சொன்னபடியே செய்திருந்தார். எவனும் நெம்பித் திறக்க முடியாது.

"இப்ப விக்கவும் முடியாதுக்கா" என்றார் ஆட்டு வியாபாரி. "வாங்குறவரு குடும்பத்தோட இங்கயே வந்து இருந்துக்கிற வேண்டியதுதான்."

முதலாளியம்மா சிரிக்கவில்லை. வெங்காயப் பாத்தியைப் பார்த்தார். இவ்வளவு பெரிய சொல்லுக்காரர் இனி என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். இரும்பு சரியில்லை என்று சொல்வார், அல்லது இழுத்தவர் மேல் குற்றம் சொல்வார் என்று நினைத்தேன். கடைசி வரை இழுத்தது அவர்தானே.

மச்சான் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"திருடனுக்குத் தொறக்காத மாதிரியே செஞ்சிருக்கேன் மாப்ள. நீ திருடன் இல்லையே."

அதோடு விடவில்லை. முதலாளியம்மா முன்னால் போய் நின்று, தப்பு என்னுடையதும்மா, பூட்டு என்று நினைத்தே கை வேலை செய்துவிட்டது, பொழுது சாய்வதற்குள் சரி செய்கிறேன் என்றார். சத்தமாகவே சொன்னார், பெருமை பேசுகிற அதே சத்தத்தில். அந்த இடத்தில்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது. வீம்புக்காரர் என்று அதுவரை நினைத்திருந்தேன். வீம்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

வண்டியை மேட்டுப் பக்கம் கொஞ்சம் இழுத்தால் பிரேக் பட்டை தளரும், அப்போது நாக்கை எடுத்துவிடலாம் என்றார். மாட்டை அவிழ்த்து வண்டிக்குப் பின்னால் கட்டினோம். வீட்டுக்காரி மாட்டை ஓட்டினாள். ஆட்டு வியாபாரி முன்னால் நின்று தள்ளினார். அக்கா வண்டி, ஆகாத வண்டி என்று சொல்லிக்கொண்டேதான் தள்ளினார். வண்டி ஒரு சாண் ஏறியது. மச்சான் நாக்கை எடுத்தார். நான் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரி ஓடிவந்து கல்லைக் கொடுத்தாள்.

தகட்டைக் கழற்றி மறுபடி உலைக்கு. காய்ச்சி இளக்கி, உள்ளே வளைந்திருந்த கொக்கியை ஒவ்வொரு பல்லிலும் தேய்த்து எடுத்தார். பிடிக்கிற அளவுக்கு மட்டும் விட்டார். எவ்வளவு விட வேண்டும் என்பதுதான் வேலை. அதிகம் தேய்த்தால் நாக்கு நழுவும். நழுவினால் கிணறு. ஒரு பல்லைத் தேய்ப்பார், நாக்கை வைத்துப் பார்ப்பார், மூச்சை விடுவார். கடைசிப் பல்லை முழுதாகத் தேய்த்து மொட்டையாக்கிவிட்டார். அந்த இடம் வெறும் இடமாகவே இருக்கட்டும், பின்னால் இழுத்துத் தளர்த்த எப்போதும் இடம் வேண்டும் என்றார். நாக்கின் வாலில் பெருவிரல் வைக்க ஒரு சின்ன மடக்கும் வைத்தார். அது எங்களுக்குத் தோன்றாத விஷயம். என் கை அளவைக் கேட்டு வாங்கிச் செய்தார்.

மறுபடி எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்கி, பொழுது சாய்வதற்குள் மாட்டிவிட்டார். மறுபடி ஆட்டு வியாபாரியைத்தான் ஏற்றினார். இந்தத் தடவை நிற்கிறதா, விடுகிறதா என்று இரண்டும் பார்க்கச் சொன்னார். நின்றது. விட்டதும் விட்டது.

மச்சான் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். வீட்டுக்காரி கட்டிக்கொடுத்த கத்திரிக்காய் வெஞ்சனத்தை வாங்கிக்கொண்டார். வேறு எதையும் வாங்கவில்லை. பின்னால் எங்கள் ஊருக்குக் கரண்டு வந்தது, கிணற்றில் மோட்டார் வைத்தார்கள். அதற்குப் பிறகும் அந்த வண்டியை உழவுக்கும், ஒட்டன்சத்திரத்துக்கு மூட்டை ஏற்றவும் நான்தான் ஓட்டினேன். எங்கே நிறுத்தினாலும் ஆட்கள் அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். என் மச்சான் என்பேன்.

ஆனால் முடிவு அன்று இல்லை. தரகர் வந்த நாளில்தான்.

பங்குனி கடைசிச் சந்தை முடிந்து வந்தார். ஆட்டு வியாபாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கூட்டிவந்தார். அப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் இறுக்கமாக, நேராக ஓடியது. நான் பழக்கத்தில் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். காலுக்கு வேலையில்லை. ஆனாலும் பெடல் மேல் வைத்திருந்தேன். சக்கரத்துக்குக் கல்லும் கொடுத்திருந்தேன்.

முதலாளியம்மா வந்து கல்லைக் காலால் தள்ளிவிட்டார். ஒன்றை, பிறகு மற்றதை.

"எறங்கிப் போயிக் கஞ்சியக் குடி" என்றார்.

எஞ்சின் ஓடும்போது நான் அதுவரை இறங்கியதில்லை. இறங்கினேன். வாய்க்கால் ஓரத்தில் வீட்டுக்காரி கம்மங்கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் வண்டியையே பார்த்துக்கொண்டு குடித்தோம். அது நடுங்கியது, புகைவிட்டது, இடம் விட்டு நகரவில்லை. அம்மா வண்டிக்கு முன்னால், கிணற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். தரகர் பக்கத்தில் வரவில்லை. தூரத்திலிருந்தே நல்ல வண்டி, நல்ல விலை தருகிறேன் என்றார்.

நான் கஞ்சியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"எத்தனாவது பல்லுல நிக்கிது?"

"நாலாவதுலம்மா."

"பிரேக் பட்டை தேஞ்சுச்சுன்னா?"

"அடுத்த பல்லுக்கு இழுக்கணும்மா."

அவர் தம்பி பக்கம் திரும்பினார். "அப்ப மிச்சப் பல்லு இருக்குற வரைக்கும் இவன் ஓட்டட்டும். தரகருக்கு மோரு குடுத்து அனுப்பு."

தம்பி என்னைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். மிச்சம் எத்தனை என்று கேட்டார். நான் ஏறி உட்கார்ந்து, மொட்டைப் பல்லை விட்டுவிட்டு, மற்றதை விரலால் தொட்டு எண்ணினேன்.

ஆறு.